வலது ஸ்டியரிங் ஜப்பான் வண்டியை யாங்கோன் ரோட்டுக்குப் பழக்குவது எப்படி

பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடத் தொடங்கியது 1970 டிசம்பரில். அதற்கு முன்பு பிரிட்டிஷ் காலத்து இடப்பக்க வழக்கம்தான். சாலை மாறிவிட்டது, வண்டி மாறவில்லை. 2011-இல், ஓடி ஓய்ந்த பழைய வண்டியை அரசிடம் ஒப்படைத்தால் இறக்குமதி பெர்மிட் கிடைக்கும் என்று ஆனதும் ஜப்பானிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியதெல்லாம் வலது ஸ்டியரிங். இனி இடது ஸ்டியரிங் மட்டும்தான் இறக்குமதி என்று பிற்பாடு சொல்லிவிட்டாலும், ஏற்கெனவே வந்த புரோபாக்ஸ், நிசான் ஏடி வேன், ஃபிட், பழைய கரோலா, மார்க் டூ எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் ஆட்கள் பலர் வீட்டில் நிற்பதும் இவற்றில் ஒன்றுதான்.

இந்த வண்டியை வாங்கியதும் முதலில் சீட் கவர், அப்புறம் பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் என்றுதான் எல்லோருக்கும் மனம் போகிறது. அந்தப் பணத்தைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். ஓட்டுநர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், எதிரே வரும் வண்டி, சுங்கச்சாவடி, முந்துகிற வழி மூன்றும் அவருக்கு இடப்பக்கம் இருக்கின்றன. அதனால் இடப்பக்கம் பார்ப்பதற்கும் இடப்பக்கம் கை எட்டுவதற்கும் எது உதவுமோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பாட்டு, கடிகாரம், ஜப்பான் மொழி மெனு எல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்டியரிங்கையே இடப்பக்கம் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். ஸ்டியரிங் ராக், பிரேக் மிதி, அதன் பூஸ்டர், டாஷ்போர்டு, ஒயரிங், ஏர்பேக் எல்லாமே வலப்பக்கத்துக்கென்று செய்தவை. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டை வெட்டி, பிரேக் மிதியிலிருந்து ஒரு கம்பியை நீட்டி அந்தப் பக்கத்து பூஸ்டரோடு இணைத்து ஓட்டுவதைவிட, கம்பெனி வைத்த இடத்திலேயே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மற்றதைப் பழக்கிக்கொள்வது எவ்வளவோ பத்திரம்.

காசே செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம். நடுக் கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்குகிறதா? சிக்னலில் வண்டிகளுக்கு நடுவே வந்து விற்கிறார்கள், வாங்கி மாட்டாமல் இருக்க மனம் வராது, தெரியும். ஆனால் வலது ஸ்டியரிங் வண்டியில் அந்தக் கண்ணாடி ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருக்கிறது, எதிரே வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய திசையும் அதே திசை. கைப்பிடி அளவு சரம் ஆடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு மோட்டார் சைக்கிளையே மறைத்துவிடும். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் தடை இருக்கிறது, சரி. பகோ தாண்டிவிட்டால் எல்லாம் மோட்டார் சைக்கிள்தான். சரத்தை ஏசி காற்று வரும் வாயில் கட்டுங்கள், வாசனையும் நன்றாகப் பரவும். டாஷ்போர்டு மேலே வைத்திருக்கும் சாமி சிலையையும் பாருங்கள். இடது மூலையில், பயணி ஏர்பேக் மூடிக்கு மேல் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏர்பேக் வெடித்தால் அது பயணியின் முகத்துக்குத்தான் வரும். நடுவில் தாழ்வான இடத்தில் வைத்தால் பார்வையும் மறையாது.

அடுத்தது இடது பக்கக் கண்ணாடி. முந்துவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். புரோபாக்ஸ், ஏடி மாதிரி சரக்கு வேன்களின் விலை குறைந்த ரகங்களில் இந்தக் கண்ணாடியைக் கையால்தான் திருப்ப வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டவே எட்டாது. ஒருவரை வெளியே நிறுத்தி, நீங்கள் எப்போதும் உட்காருகிற மாதிரி முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, அவரைத் திருப்பச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் பக்கவாட்டு ஓரம் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிய வேண்டும், அடிவானம் கண்ணாடியின் பாதி உயரத்தில் வர வேண்டும். சரியாக அமைந்ததும் கண்ணாடிக்கும் அதன் கூட்டுக்கும் சேர்த்துச் சின்னதாக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். நெரிசலில் யாராவது இடித்துவிட்டுப் போனால், பக்கத்தில் இருப்பவர் கோட்டோடு கோடு சேர்த்துத் திருப்பி வைத்துவிடலாம். வசதி இருந்தால் அதே தலைமுறை வண்டியின் உயர்ந்த ரகத்திலிருந்து மோட்டார் வைத்த கண்ணாடியையும் சுவிட்சையும் பழைய உதிரி பாகக் கடையில் தேடி வாங்கிப் போடுங்கள். உள்ளே இரண்டு மோட்டார், பெரும்பாலும் மூன்று ஒயர். அந்த ஒயர் கதவு வரைக்கும் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கதவுக்கும் பாடிக்கும் நடுவிலிருக்கிற ரப்பர் குழாய் வழியாகப் புதிதாக இழுக்க வேண்டும், அது அரை நாள் வேலை.

குவிந்த வட்டக் கண்ணாடி ஒன்றை வெளிப்பக்கக் கீழ் மூலையில் ஒட்டுவதும் நல்லதுதான். ஆனால் அதில் எல்லாம் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் அது.

ஹெட்லைட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. ஜப்பானில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது, அதனால் டிம் லைட்டின் வெளிச்சம் இடது ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் மேலே ஏறும்படி செய்திருப்பார்கள், நடந்து போகிறவர் தெரிய வேண்டுமே என்று. அதே லைட் இங்கே வந்தால் மேலே ஏறுகிற அந்தப் பகுதி நேராக எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. இரவில் சமதளமான இடத்தில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள், வெளிச்சத்தின் மேல்கோடு நேராக வந்து இடப்பக்கம் சரிவாக ஏறுவது தெரியும். பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே, 0 முதல் 4 அல்லது 5 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். பாரம் ஏற்றும்போது லைட்டைத் தாழ்த்துவதற்கு அது. ஒன்று அல்லது இரண்டில் வைத்துக்கொண்டு ஓட்டினால் எதிரே வருகிறவருக்குத் தொல்லை குறையும், உங்களுக்கும் கொஞ்சம் தூரம் குறையும், அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நிரந்தரமாகச் சரிசெய்ய, அதே மாடல் இடது ஸ்டியரிங் நாடுகளுக்கும் போயிருந்தால் அந்த நாட்டு ஹெட்லைட்டைத் தேடிப் போடலாம். கரோலா மாதிரி உலகம் முழுக்கப் போன வண்டிக்குத் தேடிப் பார்க்க வழி உண்டு. ஹெட்லைட்டின் கண்ணாடி மேல் கறுப்பு டேப் ஒட்டுவது ஒரு ராத்திரிப் பயணத்துக்கு உதவும். பிளாஸ்டிக் முகப்பு இருக்கிற லைட்டில் அப்படியே விட்டால் சூடு ஏறிக் கெட்டுவிடும்.

முந்துவது பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். மோல்மேன் பக்கம் போகும் இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் வலது ஸ்டியரிங்காரருக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் வண்டியில் பாதியை எதிர்த் தடத்தில் நீட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் பின்வாங்குங்கள், இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு மேலேயே இடைவெளி விடுங்கள். தள்ளி நிற்க நிற்க லாரிக்கு இடப்பக்கம் பார்வை திறக்கும். சாலை வலப்பக்கம் வளையும் இடங்கள் உங்களுக்குச் சாதகமானவை. நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் லாரிக்கு வலப்பக்கமாக வளைவின் உள்பக்கம் நெடுந்தூரம் தெரியும், எதிர்த் தடத்தில் வண்டி வருகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு வளைவு முடிந்து நேராகும்போது மறுபடி இடப்பக்கம் சரிபார்த்து முந்தலாம். இடப்பக்க வளைவில் ஒன்றுமே தெரியாது, அங்கே பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

முன்பக்கம் இடது மூலையில் கேமரா வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. இடது பக்கக் கண்ணாடிக்குக் கீழே மாட்டினால் அது பக்கத்தையும் தரையையும்தான் காட்டும். எதிரே பார்க்க வேண்டுமென்றால் கிரில்லின் இடது ஓரத்திலோ முன் கண்ணாடியின் இடது மேல் மூலையிலோ முன்னோக்கி வைக்க வேண்டும். ஸ்கிரீனில் படம் எப்போது வர வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. இடது இண்டிகேட்டர் போட்டதும் தானாக வரட்டும் என்று அதன் ஒயரிலிருந்து நேரே இழுத்தால் இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதுபோலவே படமும் வந்து வந்து போகும். நடுவில் தாமதமாக அணையும் ரிலே ஒன்று வைக்க வேண்டும், அல்லது விரலுக்கு எட்டுகிற இடத்தில் தனியாக ஒரு சின்ன சுவிட்ச். எனக்குப் பிடித்தது சுவிட்ச்தான், எளிது, கெட்டாலும் உடனே தெரியும். ஆனால் கேமராவை நம்பி முந்தாதீர்கள். அகன்ற லென்ஸில் தூரத்து பஸ் புள்ளியாகத் தெரியும். நீங்கள் 80 கிலோமீட்டர் வேகம், அது 80 கிலோமீட்டர் வேகம் என்றால் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் ஒவ்வொரு விநாடிக்கும் 44 மீட்டர் குறைகிறது. 'இப்போது போக முடியாது' என்று கேமரா சொன்னால் கேளுங்கள், 'போகலாம்' என்று சொன்னால் கண்ணால் பார்த்த பிறகு போங்கள்.

சுங்கச்சாவடிக்கு வருவோம். சாவடி இடப்பக்கம், நீங்கள் வலப்பக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் கவலையில்லை. தனியாகப் போகிறவர்கள் கைக்குட்டை அகலத்துக்குச் சுருங்குகிற அலுமினியக் கம்பி ஒன்றின் முனையில் காகிதக் கிளிப்பைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பணத்தை மாட்டி நீட்டினால் சாவடிக்காரரே எடுத்துக்கொண்டு ரசீதை அதிலேயே மாட்டிவிடுவார். கியரை பார்க்கிங்கில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகுதான் சாய வேண்டும். நோட்டைச் சாவடிக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், ஓடும்போது பை தேடாதீர்கள்.

இந்தக் கம்பி வேலை செய்ய இடது கண்ணாடி இறங்க வேண்டுமே. பழைய வண்டிகளில் ஓட்டுநர் கதவிலிருக்கும் பவர் விண்டோ சுவிட்சுகளில் முதலில் சாகிறது இடது முன் கண்ணாடிக்கானதுதான் என்று சொன்னால் அதில் வியப்பில்லை. இங்கே அதைத்தான் அதிகம் அழுத்துகிறோம். மழைக்கால ஈரமும் சேர்ந்துகொள்கிறது. அழுத்தினால் ஒருமுறை இறங்கும், அப்புறம் ஏற மறுக்கும், கொஞ்சம் ஆட்டி அழுத்தினால் ஏறும் என்றால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள். பக்கத்துக் கதவிலிருக்கிற சுவிட்சில் நன்றாக ஏறி இறங்கினால் குற்றம் உங்கள் பக்கத்து சுவிட்சில்தான்.

சாவியை எடுத்துவிட்டு, கதவுப் பிடியின் மேல்தட்டை பின்முனையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகத் தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் என்றால் தழும்பு விழும். கனெக்டரின் நாக்கை அழுத்திக் கழற்றி, அடியிலுள்ள ஸ்க்ரூக்களை எடுத்தால் சுவிட்ச் கையில் வந்துவிடும். இனி ஒரு வெள்ளைத் துணி விரித்த தட்டுக்கு மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும், உள்ளே கடுகு மாதிரி ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும், தரையில் விழுந்தால் கிடைக்காது. திறப்பதற்கு முன்பும் திறந்த உடனேயும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீசா மாதிரி ஆடுகிற சின்னச் செம்புத் தகடுகள் தெரியும், முனையில் கறுப்பாகக் கரி பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, 1000 நம்பர் உப்புத்தாளால் மெதுவாக இரண்டு இழுப்பு, மறுபடி கிளீனர், நன்றாகக் காயவிடுங்கள். தகடு பளபளவென்று ஆகும்வரை தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே திரும்பக் கரி பிடிக்கும். மாட்டுவதற்கு முன் கனெக்டரைச் செருகி, இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள். முழு சுவிட்சையே மாற்றச் சொல்வார்கள், தகடு உருகியிருந்தால் ஒழியத் தேவையில்லை.

குழந்தைகள் ஏறுகிற வண்டியென்றால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. இடது பின்கதவு ஓடும் வண்டிகளின் பக்கம் திறக்கிறது. அந்தக் கதவின் ஓரத்திலுள்ள குழந்தைப் பூட்டைப் போட்டுவிடுங்கள், எல்லோரும் வலப்பக்கம் நகர்ந்து நடைபாதையில் இறங்கட்டும். அனவ்ரத்தா ரோட்டில் காளியம்மன் கோயில் வாசலில் நெரிசல் நேரத்தில் வண்டி நிறுத்தியவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கு இடது ஸ்டியரிங் வண்டியும் வீட்டுக்கு இதுவும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு, இரண்டிலும் தண்டுகள் பக்கம் மாறி இருப்பதால், இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் கிளம்பும். இதற்கு நல்ல வைத்தியம் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு. இண்டிகேட்டர் தண்டின் பின்புறம், விரல் நுனி படும் இடத்தில் ஒரு துளி இன்ஸ்டன்ட் பசை வைத்து ஒட்டுங்கள். பொட்டின் சொந்தப் பசை வெயிலில் நிற்காது. எழுத்து அழிந்துபோன பொத்தான்களுக்கும் இதையே செய்யலாம், பின் கண்ணாடி ஹீட்டருக்கு ஒரு பொட்டு, ஏசிக்கு இரண்டு என்று வைத்தால் குனிந்து பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும். இருட்டில் ஏசி பட்டன் பலகை எரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் அரிசி பல்பு போயிருக்கும். எல்ஈடி போடுவதானால் அதற்கு நேர் எதிர் முனை உண்டு, எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள்.

மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் பனி மூடும்போது துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி நெம்புகோலைத் தள்ளி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சீக்கிரமே தெளியும். நெம்புகோல் இறுக்கமாக இருந்தால் பலமாகத் தள்ளாதீர்கள், பின்னால் கேபிள் காய்ந்திருக்கிறது, பிளாஸ்டிக் முனை முறிந்துவிடும். பலகையைக் கழற்றி கேபிளில் சிலிகான் ஸ்பிரே விடுங்கள். ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது என்றால் அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது, பெரும்பாலும் இடப்பக்கக் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபேன் கூட்டில் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். மலிவான சாமான்.

ரேடியோவும் ஜப்பான் மொழியும் கடைசியாக. சாவி போட்டதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்கிறதா? அது அந்த நாட்டுச் சுங்கச்சாலைக் கார்டுப் பெட்டி, கார்டு செருகவில்லை என்கிறது. இங்கே அதற்கு வேலையே இல்லை. கனெக்டரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டால் அமைதி. அருகில் மஞ்சள் நிறக் கனெக்டர் எது இருந்தாலும் தொடாதீர்கள், அது ஏர்பேக். அந்தப் பக்கம் வேலை இருந்தால் பேட்டரியைக் கழற்றி 90 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் இன்னொன்று. டொயோட்டாவின் ஜப்பான் நேவிகேஷன் செட்டுகள் பலவற்றில் மின்சாரம் போய்த் திரும்பினால் திறப்பதற்கு எண் கேட்கும், மேப் இருக்கும் எஸ்டி கார்டை எடுத்தாலும் தகராறு. பழைய ஓனர் ஜப்பானில் இருக்கிறார், எண்ணுக்கு எங்கே போவது? பேட்டரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ட் பேட்டரியை ஜம்பர் ஒயரால் அதே கேபிள் முனைகளில் இணைத்து வைத்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள், பாசிட்டிவ் முனை பாடியில் படாமல் துணி சுற்றுங்கள்.

எஃப்எம் விஷயம் இப்படி: ஜப்பான் ரேடியோ 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், இங்கே 108 வரை நிலையங்கள் வரலாம். ஆன்டெனா ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டினால் 98-இல் வருவது 78-இல் கேட்கும், ஆனால் சத்தம் தேய்ந்து வரும், ஊருக்கு வெளியே இன்னும் மோசம். போனிலிருந்து பாட்டுக் கேட்கச் சிகரெட் லைட்டரில் செருகும் டிரான்ஸ்மிட்டர் வாங்குகிறவர்கள் அதை 87.5-க்கும் 90-க்கும் இடையில், உள்ளூர் நிலையம் இல்லாத எண்ணில் வையுங்கள். அதற்கு மேலே வைத்தால் செட் பிடிக்காது. புது செட்டே வாங்குவதானால் அளவு பாருங்கள், டொயோட்டாவின் துளை பலவற்றில் 200 மில்லிமீட்டர் அகலம், பொதுவான செட் 180 தான், இரு பக்கமும் வைக்கிற பட்டையையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒரிஜினல் கனெக்டரை வெட்டவிடாதீர்கள், அடாப்டர் ஒயர் கிடைக்கிறது. ஒயரின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முன்பு யார் என்ன மாற்றினார் என்று தெரியாது. ஓடும்போது வீடியோ தெரிவதற்கு, ஹேண்ட்பிரேக் இழுத்திருப்பதாக செட் நினைத்துக்கொள்ளும்படி அதன் ஒயரை எர்த்தில் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் தானாகவே சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய செட்டையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. அதன் கடிகாரம் செயற்கைக்கோளிலிருந்து ஜப்பான் நேரத்தை எடுத்துக்கொள்ளும், நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. மாற்ற வழியில்லாத செட்டுகளில் ஒரு சின்ன ஒட்டுக் கடிகாரம் வாங்கி ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், வலப்புறமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.